மரம் வரை போகும் எண்

ஷியூங் ஷுய், ஹாங்காங்

ஹாங்காங்கின் வடக்கு ஓரத்தில், ஷென்ஜென் எல்லைக்கு ஒரு ஸ்டேஷன் முன்னால் இருக்கிறது ஷியூங் ஷுய். ரயிலை விட்டு இறங்கிக் கடைத்தெருவுக்குள் நுழைந்ததும் மருந்துக் கடைகள் வரிசைகட்டுகின்றன. ஆனால் வாசலில் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருப்பவை கைக்குழந்தைகளுக்கான பால் பவுடர் டப்பாக்கள். நியூசிலாந்து, நெதர்லாந்து, ஆஸ்திரேலியா என்று பால் வந்த நாட்டின் பெயர் தூரத்திலிருந்தே தெரிகிறது.

என்னை அங்கே அழைத்துப்போனவர் காயல்பட்டினத்துக்காரர். ஹாங்காங்கில் ரத்தினக்கல் வியாபாரம் செய்யும் காயல் குடும்பங்களில் ஒன்று அவருடையது. காயல் வழக்கப்படி, அண்ணன் என்ற பொருளில், நான் அவரைக் காக்கா என்றே கூப்பிட்டேன்.

“ஒரு காலத்துல இந்தத் தெருவுல நடக்க இடம் இருக்காது தம்பி. எல்லைக்கு அந்தப் பக்கத்துலேருந்து காலையில வருவாங்க. பெட்டி நிறைய டப்பா வாங்கிட்டு மத்தியானம் திரும்பிருவாங்க. சாயந்திரம் மறுபடி வருவாங்க. இங்க உள்ள பிள்ளைகளுக்கே பால் கிடைக்காமப் போச்சு” என்றார்.

அதனால்தான் 2013 மார்ச் 1 முதல் ஹாங்காங்கில் ஒரு கட்டுப்பாடு வந்தது. ஊரை விட்டுக் கிளம்பும் ஒருவர் 24 மணி நேரத்தில் 1.8 கிலோவுக்கு மேல் குழந்தைப் பால் பவுடர் எடுத்துப்போகக் கூடாது. இரண்டு டப்பா அளவு. மீறினால் 5 லட்சம் ஹாங்காங் டாலர் வரை அபராதமும் 2 ஆண்டு வரை சிறையும் உண்டு.

பால் பவுடருக்காகச் சிறைத் தண்டனை எழுதும் நிலைக்கு ஒரு நகரம் வந்ததற்குக் காரணம் 2008இல் நடந்தது. ஹெபெய் மாகாணத்தில் ஷிஜியாஜுவாங்கைத் தலைமையிடமாகக் கொண்ட சான்லு நிறுவனத்தின் பால் பவுடரில் மெலமைன் கலந்திருப்பது அந்த ஆண்டு செப்டம்பரில் அம்பலமானது. பாலில் தண்ணீர் சேர்த்தால் புரதம் குறையும். பரிசோதனையோ புரதத்தை நேராக அளக்காமல் நைட்ரஜனை அளந்து கணக்குப் போட்டது. பிளாஸ்டிக் செய்யப் பயன்படும் மெலமைனில் நைட்ரஜன் அதிகம் என்பதால், அதைக் கலந்த தண்ணீர்ப் பால் சோதனையில் நல்ல பாலாகத் தேறியது. வேறு பல நிறுவனங்களின் பாலிலும் அது இருப்பது பிறகு தெரிந்தது. ஏறத்தாழ 3 லட்சம் குழந்தைகள் நோயுற்றார்கள். சிறுநீரகத்தில் கல் கட்டி 6 குழந்தைகள் இறந்ததாக அரசே சொன்னது.

சீனாவின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2009இல் வந்தது. 2015இல் அதைத் திருத்தி இன்னும் இறுக்கினார்கள். அந்த நாட்டுக்கு உணவு விற்க நினைப்பவர்கள் விதிப் புத்தகத்தைத் திறப்பதற்கு முன்னால் இந்தத் தெருவில் ஒருமுறை நடந்துபார்க்க வேண்டும். ‘இது யார் கையிலிருந்து வந்தது?’ என்று ஒவ்வொரு விதியும் கேட்கிறது. அந்தக் கேள்வியை முதலில் கேட்டவர்கள் தாய்மார்கள்.

எல்லையைத் தாண்டுவதற்கு முன் காக்கா ஒரு டீக்கடைக்குக் கூட்டிப்போனார். துணிப்பையில் திரும்பத் திரும்ப வடித்து, டின் பால் சேர்த்துத் தரும் ஹாங்காங் டீ. நாக்கில் பட்டதும் ஊர் ருசி தெரிந்தது. இந்த டீக்கு அடிப்படையே இலங்கைத் தேயிலைதான். ஹட்டனிலும் நுவரெலியாவிலும் மலையகத் தமிழ்ப் பெண்கள் கிள்ளும் கொழுந்து இந்த எல்லையோரத் தெரு வரைக்கும் வந்திருக்கிறது. கடைக்காரரிடம் எந்த ஊர்த் தேயிலை என்று கேட்டால் உடனே சொல்கிறார். கிள்ளியவர்கள் யார் என்பது மட்டும் அவருக்குத் தெரியாது.

நான்ஷா

முத்து நதி கடலில் கலக்கும் இடத்தில் நான்ஷா துறைமுகம். தை மாதக் குளிர், மேகமூட்டம், சாம்பல் நிறத் தண்ணீர், அதன்மேல் கிரேன்களின் நீண்ட வரிசை. சீனப் புத்தாண்டு நெருங்கிக்கொண்டிருந்தது.

இங்கிருந்து எனக்கு மொழிபெயர்ப்பாளராக வந்த இளம்பெண் பெய்ஜிங்கில் தமிழ் படித்தவர். பேசுவது அப்படியே எழுத்துத் தமிழ்.

“அண்ணா, அந்தக் கப்பலில் வந்துள்ளவை சிலி நாட்டின் செர்ரிப் பழங்கள். புத்தாண்டுக்கு முன் விற்றுத் தீர வேண்டும். அதன் பிறகு விலை விழுந்துவிடும்.”

சிலியிலிருந்து பசிபிக்கைக் கடந்து வர மூன்று வாரத்துக்குச் சற்று மேல் ஆகிறது. செர்ரிக்கென்றே வழியில் எங்கும் நிற்காத விரைவுக் கப்பல்களை விடுகிறார்கள். சிலி ஏற்றுமதி செய்யும் செர்ரியில் பத்தில் ஒன்பது பங்கு சீனாவுக்குத்தான் வருகிறது. ஒரு நாட்டின் தோட்டங்கள் மொத்தமும் இன்னொரு நாட்டின் பண்டிகைக்காகக் காய்க்கின்றன. சிவப்பு மங்கல நிறம். உருண்டையான பழம் நிறைவின் அடையாளம். பெட்டி போட்டுக் கையில் கொடுத்தால் மரியாதை. தென் அரைக்கோளத்தில் கோடை நடக்கும்போது சீனாவில் புத்தாண்டு வருவது சிலி விவசாயிக்கு வாய்த்த யோகம்.

துறைமுகத்தை ஒட்டிச் சுங்கக் காவலுள்ள கிடங்குகள் இருக்கின்றன. வெளிநாட்டுப் பால் பவுடரும் சத்துமாத்திரைகளும் இங்கே இறங்கிக் காத்திருக்கும். வீட்டிலிருந்து ஒருவர் போனில் ஆர்டர் போட்டதும் அவர் பெயருக்குச் சுங்கம் முடிந்து பொட்டலம் கிளம்பும். ஒருவர் ஒரு தடவைக்கு 5,000 யுவான் வரை, ஆண்டுக்கு 26,000 யுவான் வரை இந்த வழியில் வாங்கலாம். பொட்டலத்தின்மேல் சீன லேபிள் ஒட்ட வேண்டியதில்லை. விவரம் இணையப் பக்கத்தில் சீனத்தில் இருந்தால் போதும். ஷியூங் ஷுய் தெருவில் பெட்டியில் தூக்கிக்கொண்டு போனதை அரசு இப்படிக் கணக்குக்குள் கொண்டுவந்துவிட்டது.

கடையில் வைத்து விற்கும் பொருளுக்கு வேறு வழி. 2021இல் வெளியாகி 2022 ஜனவரி 1இல் நடைமுறைக்கு வந்த சுங்கத் துறையின் 248ஆம் ஆணைப்படி, சீனாவுக்கு வரும் உணவைத் தயாரிக்கும் வெளிநாட்டு ஆலைகள் அங்கே பதிவு செய்திருக்க வேண்டும். இறைச்சி, மீன், பால், தேன், முட்டை, எண்ணெய், மசாலா, பருப்பு, உலர்பழம் என 18 வகைகளுக்கு அந்தந்த நாட்டு அரசு பரிந்துரைக்க வேண்டும் என்றது அந்த ஆணை. தேயிலை, பிஸ்கட் போன்றவற்றுக்கு ஆலையே பதிவு செய்துகொள்ளலாம். பதிவு எண்ணை உள்பொதியிலும் வெளிப்பெட்டியிலும் அச்சிட வேண்டும். பதிவு 5 ஆண்டுக்குச் செல்லும்.

குவாங்சோ

குவாங்சோவின் ஜியாங்நான் சந்தை இரவில் விழிக்கிறது. வெளிநாட்டுப் பழங்களுக்குச் சீனாவிலேயே பெரிய சந்தைகளில் ஒன்று. லாரிகள் பின்பக்கம் காட்டி நிற்கின்றன. கன்டெய்னர் கதவைத் திறந்ததும் குளிர்ப்புகை வெளியே வர, வியாபாரிகள் டார்ச் அடித்துப் பெட்டியைத் திறக்கிறார்கள். ஒரு செர்ரியை எடுத்து அமுக்கிப் பார்க்கிறார்கள். காம்பு பச்சையாக இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். கடித்துப் பார்க்கிறார்கள். பேச்சு அதிகமில்லை. பெட்டியில் ஜே, இரண்டு ஜே, மூன்று ஜே என்று பழத்தின் பருமன் குறித்திருக்கிறது. ஜே கூடக் கூட விலையும் கூடும்.

நள்ளிரவு தாண்டி, சந்தை வாசலில் ஒரு கடையில் கஞ்சி குடித்தோம். மீன் துண்டு, கணவாய், வேர்க்கடலை, பொரித்த மாவுத்துண்டு எல்லாம் போட்ட அரிசிக் கஞ்சி. எதிரில் உட்கார்ந்திருந்த சுமைதூக்கும் தொழிலாளி ஹுனானிலிருந்து வந்தவர். வீட்டுக்கு ஒரு பெட்டி செர்ரி வாங்கிப்போவீர்களா என்று கேட்டேன். பேத்திக்காக வாங்கி வைத்திருப்பதாகச் சொன்னார். சில ஆண்டுகளுக்கு முன் இது பணக்காரர்கள் தின்னும் பழம் என்றும், இப்போது வரத்து பெருகித் தங்களுக்கும் எட்டுகிறது என்றும் அவர் சொன்னபோது முகத்தில் பெருமை இருந்தது.

மறுநாள் ஒரு சூப்பர்மார்க்கெட்டில் நெடுநேரம் நின்று, வாங்குகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தோம். இளம் தம்பதி ஒரு தயிர்க் கிண்ணத்தை எடுத்ததும் திருப்பிப் பின்பக்கம் படித்தார்கள். என்னென்ன சேர்த்திருக்கிறார்கள் என்ற பட்டியல் நீளமாக இருந்ததால் வைத்துவிட்டு, பாலும் நுண்ணுயிரும் மட்டும் உள்ள இன்னொன்றை எடுத்தார்கள்.

“நாங்கள் அனைவரும் இவ்வாறுதான் வாங்குகிறோம் அண்ணா. முன்பக்கம் நிறுவனம் பேசுகிறது. பின்பக்கத்தில்தான் உண்மை இருக்கிறது” என்றார் மொழிபெயர்ப்பாளர்.

அவர் பள்ளிக்குப் போகும் வயதில் மெலமைன் செய்தி வந்ததாம். தங்கைக்கு வாங்கியிருந்த டப்பாவை அம்மா குப்பையில் கொட்டியது நினைவிருக்கிறது என்றார். ‘சர்க்கரை இல்லை, கொழுப்பு இல்லை, கலோரி இல்லை’ என்று எழுதிய சோடா பாட்டில்கள் ஒரு முழு அலமாரியை அடைத்திருந்தன. 2016இல் தொடங்கிய யுவான்சி சென்லின் என்ற நிறுவனம் கிளப்பிவிட்ட பழக்கம் இது. அவர் தலைமுறை அதை விரும்பி வாங்குகிறது.

லேபிளுக்கான தேசியத் தரம் ஜிபி 7718. இறக்குமதிப் பொருளில் சீன எழுத்து கட்டாயம். அயல்மொழி எழுத்து அதைவிடப் பெரிதாக இருக்கக் கூடாது. எந்த நாட்டில் விளைந்தது, சீனாவில் பொறுப்பேற்கும் முகவர் யார், எங்கே இருக்கிறார் என்ற விவரம் வேண்டும். அந்தத் தம்பதி கிண்ணத்தைத் திருப்பியது அரசாணை படித்துவிட்டு அல்ல. ஆனால் ஆணை எதை அச்சிடச் சொல்கிறதோ அதைத்தான் அவர்கள் தேடினார்கள். நம் ஊரில் முறுக்குப் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்து வாங்குகிறவர்களை இவ்வளவு எளிதில் பார்க்க முடியாது. நாம் கடைக்காரர் முகத்தைப் பார்த்து வாங்கிப் பழகியவர்கள்.

ஜான்ஜியாங்

குவாங்டோங்கின் தென்மேற்கில் லெய்ஜோ தீபகற்பம் கடலுக்குள் இறங்குகிறது. செம்மண், கரும்பு, அன்னாசித் தோட்டங்கள், அப்புறம் சதுரம் சதுரமாக இறால் குளங்கள். காற்றடிக்கும் சக்கரங்கள் குளங்களில் நுரை கிளப்பிக்கொண்டிருந்தன. கரையில் அலையாத்திக் காடு. சீனாவின் மிகப் பெரிய அலையாத்திக் காடுகள் இந்த மாவட்டத்தில்தான் இருக்கின்றன. வேதாரண்யத்துக்கும் முத்துப்பேட்டைக்கும் நடுவில் வளர்ந்த எனக்கு அந்த உப்புக் காற்றும் சேற்று வாசனையும் சொந்த ஊராகவே இருந்தன. இங்கே குளத்தில் வளர்வதும் அதே வனாமி இறால்தான்.

சந்தைக்குள் தொட்டிகளில் உயிர் இறால் துள்ளுகிறது. அடுத்த வரிசையில் உறைந்த இறால் பெட்டிகள் கூரை வரை அடுக்கியிருக்கின்றன. ஈக்வடார் பெட்டிகள் அதிகம், அதற்கடுத்து இந்தியப் பெட்டிகள். 2023-24இல் இந்தியாவிலிருந்து சீனாவுக்குப் போன கடலுணவு சுமார் நாலரை லட்சம் டன். மதிப்பில் அந்த ஆண்டு அமெரிக்காவுக்கு அடுத்து நமக்குப் பெரிய சந்தை இதுதான். ஒரு பகுதி இங்கே ஆலைகளில் உரிக்கப்பட்டு, அரைக்கப்பட்டு, ஹாட்பாட் சட்டியில் போடும் இறால் விழுதாகிறது. வீட்டில் சமைக்க நேரமில்லாத நகரத்து இளைஞர்களுக்கு அது இப்போது விருப்பமான உணவு.

மொத்த வியாபாரி ஒருவர் இந்தியப் பெட்டியொன்றை இறக்கிக் காட்டினார். இனம், எடைக்கு எத்தனை இறால் என்ற கவுண்ட், தயாரித்த தேதி, தொகுதி எண், பண்ணையில் வளர்ந்ததா கடலில் பிடித்ததா, எந்த வட்டாரம், ஆலையின் பதிவு எண், போய்ச்சேரும் நாடு சீன மக்கள் குடியரசு. எல்லாம் ஒழுங்காக இருந்தது. அரசின் சுகாதாரச் சான்றிதழ் ஒவ்வொரு சரக்கோடும் தனியாக வரும்.

அவர் என்னைப் பார்த்துக் கேட்டார்: “இது எந்தக் குளத்து இறால்?”

அந்தக் கேள்விக்குப் பெட்டியில் பதில் இல்லை. எங்கள் ஊரில் அறுவடை நாளன்று ஏஜென்ட் ஐஸ் லாரியோடு வருவார். கவுண்ட் பார்த்து விலை சொல்வார். வலை இழுத்து, எடை போட்டு, விடிவதற்குள் லாரி போய்விடும். ஆலையில் பல குளத்து இறால் ஒன்றாகச் சேரும். பதிவு எண் ஆலையினுடையது. பெட்டியைப் பொறுத்தவரை குளத்துக்காரர் இல்லவே இல்லை.

ஆனால் கதவு அடைபடும்போது அடி விழுவது அவர்மேல். கொரோனாக் காலத்தில் சீனா உறைந்த உணவுப் பெட்டிகளைத் துடைத்துச் சோதித்தது. வைரஸ் தடயம் கிடைத்ததாகச் சொல்லி இந்தியக் கடலுணவு ஆலைகள் பலவற்றை நிறுத்திவைத்தது. அவற்றில் 99 ஆலைகளுக்கு மீண்டும் அனுமதி கிடைத்தது 2023 பிப்ரவரியில். ஆலை மூடினால் குளத்தங்கரையில் விலை அன்றைக்கே இறங்கும். தீவனக் கடன் இறங்காது. ஒரு குளத்தில் யாரோ தடைசெய்த மருந்தைக் கலந்தால், சுத்தமாக வளர்த்த பக்கத்துக் குளத்துக்காரருக்கும் அதே விலைதான்.

நோயும் மருந்து எச்சமும் மட்டுமே கதவை அடைப்பதில்லை. ஜப்பான் தன் ஃபுகுஷிமா அணு உலை நீரைக் கடலில் விடத் தொடங்கிய 2023 ஆகஸ்ட் 24 அன்றே சீனா ஜப்பானியக் கடலுணவு முழுவதையும் நிறுத்தியது. 2020இல் ஆஸ்திரேலியாவோடு உறவு கெட்டபோது அந்நாட்டு ஒயின்மேல் ஏற்றிய பெரும் வரி 2024 மார்ச்சில்தான் நீங்கியது. ஒரே நாட்டை நம்பிக் குளம் வெட்டுகிறவர்கள் இதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

அன்றிரவு பூண்டு போட்டுச் சுட்ட சிப்பியும், வெறும் தண்ணீரில் அவித்த இறாலும் சாப்பிட்டோம். மிளகாய் இல்லை, புளி இல்லை. கடைக்கார அம்மாள் இறாலின் தலையைத் தொட்டுக் காட்டினார். தலை உடம்போடு இறுக்கமாக ஒட்டியிருந்தால் புதிது, தளர்ந்திருந்தால் பழையது. மசாலா எதையும் மறைக்காத சமையலில் சரக்கின் தரம் அப்படியே நாக்குக்குத் தெரிந்துவிடும். இவர்களுக்கு விற்பது ஏன் கடினம் என்பதை எனக்கு அந்தத் தட்டு நன்றாகப் புரியவைத்தது.

பிங்சியாங்

குவாங்சியின் தென்மேற்கு எல்லைக்குப் போகும் வழியெல்லாம் கரும்புக்காடு. அதன் நடுவே சுண்ணாம்புக் குன்றுகள் செங்குத்தாக எழுந்து நிற்கின்றன. வெட்டுப் பருவம் என்பதால் கரும்பு லாரிகள் ஒரு பக்கம் போக, மறுபக்கம் வியட்நாமிலிருந்து பழ லாரிகள் வந்துகொண்டிருந்தன. நட்புக் கணவாய் என்ற பழைய எல்லை வாயில் இங்கேதான் இருக்கிறது. அதைத் தாண்டினால் வியட்நாமின் லாங் சான் மாகாணம்.

ஊருக்குள் நுழையும்போதே டுரியன் வாசனை. 2024இல் சீனா 15 லட்சம் டன்னுக்கு மேல் டுரியன் இறக்குமதி செய்தது. மதிப்பு ஏறத்தாழ 700 கோடி டாலர். தாய்லாந்து, வியட்நாம் இரண்டும்தான் பெரும்பங்கு தருகின்றன. சீன இளைஞர்கள் டுரியனைக் கேமரா முன் பிளந்து உள்ளே எத்தனை சுளை என்று எண்ணிக் காட்டுவது பெரிய பொழுதுபோக்காகிவிட்டது.

2025 ஜனவரியில் இந்த வியாபாரத்துக்கு ஒரு குலுக்கல் வந்தது. தோல் மஞ்சளாகத் தெரியத் தடைசெய்யப்பட்ட ஒரு சாயத்தைச் சில பழங்களில் பூசியது தெரிந்ததும், ஒவ்வொரு சரக்குக்கும் சாயம் இல்லை என்ற ஆய்வுக்கூடச் சான்றைச் சீனா கேட்டது. காட்மியம் என்ற உலோகத்தின் அளவையும் பார்த்தது. எல்லையில் லாரிகள் காத்துக்கிடந்தன.

கிடங்கு வாசலில் மீகாங் டெல்டாவிலிருந்து வந்த ஒரு வியட்நாமிய அம்மாளைச் சந்தித்தேன். சொந்தமாகச் சிறு தோட்டம் வைத்திருப்பவர், சரக்கோடு தானே வந்திருந்தார். எங்கள் காவிரி டெல்டாபோல அங்கும் உப்பு நீர் உள்ளே ஏறிவருவது பெரிய தொல்லை என்றார். பிறகு ஒரு பெட்டியைத் திருப்பி அதிலிருந்த எண்ணைக் காட்டினார். 2022 ஜூலையில் வியட்நாமும் சீனாவும் டுரியனுக்குச் செய்த உடன்பாட்டின்படி தோட்டத்துக்கு ஒரு குறியீடு, பொதி கட்டும் கூடத்துக்கு ஒரு குறியீடு. சிறு தோட்டக்காரர்கள் பலர் சேர்ந்து ஒரே குறியீட்டின் கீழ் பதிவு செய்துகொள்கிறார்கள். எப்போது மருந்தடித்தோம், என்ன அடித்தோம் என்று ஒவ்வொருவரும் எழுதிவைக்க வேண்டும்.

“தொல்லையாக இல்லையா?” என்று கேட்டேன்.

“தொல்லைதான். ஆனால் முன்பு வியாபாரி சொன்ன விலைக்கு வாயை மூடிக்கொண்டு கொடுத்தோம். இப்போது எங்கள் எண் இல்லாமல் அவரால் எல்லை தாண்ட முடியாது” என்றார். அந்த எண்ணைப் பார்க்காமலேயே எனக்கு ஒப்பித்துக் காட்டினார்.

ஒருவர் தவறு செய்தால் குழுவின் எண்ணே போய்விடும் என்பதால் பக்கத்துத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலையும் அவர்களுடையதே. சிலர் தங்கள் எண்ணைப் பிறருக்குக் கடன் கொடுத்து மாட்டிக்கொண்டதும் உண்டு என்றார். ஓட்டைகள் இருக்கின்றன. ஆனாலும் எண் மரத்தடி வரை போயிருக்கிறது.

நம் குளங்களுக்கும் எண் இல்லாமல் இல்லை. 2005ஆம் ஆண்டுச் சட்டப்படி கடலோர உவர்நீர்ப் பண்ணைகள் சென்னையில் தலைமையகம் உள்ள ஆணையத்தில் பதிவு செய்ய வேண்டும். அந்தப் பதிவு ஒரு கோப்பில் இருக்கிறது, ஆலையின் பதிவு இன்னொரு கோப்பில் இருக்கிறது. இரண்டையும் இணைக்கிற எண் ஏஜென்டின் லாரியில் ஏறுவதே இல்லை. வேதாரண்யத்திலும் பட்டுக்கோட்டையிலும் ஒன்றிரண்டு குளம் வைத்திருப்பவர்கள் குழுவாகச் சேர்ந்து, ஹேச்சரிக் குஞ்சிலிருந்து தீவனம், மருந்து வரை ஒரே ஏட்டில் எழுதி, அந்தக் குழு எண்ணை அறுவடைச் சீட்டிலும் ஆலைப் பெட்டியிலும் ஏற்றக் கேட்க வேண்டும். ஆலைகள் அதை மறுக்கக் கூடாது. அரசு அதைக் கட்டாயமாக்க வேண்டும். மலைத் தோட்டத்துத் தேயிலைக்கும் இதே வழி உண்டு.

சீனத்து வாங்குபவர்கள் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பதை நிறுத்தப்போவதில்லை. ஜான்ஜியாங் வியாபாரி கேட்ட கேள்வியை நாளை துபாயிலும் டோக்கியோவிலும் கேட்பார்கள். சுத்தமாக வளர்த்தவருக்கு அதற்கான விலை கிடைக்கவும், அடுத்தவர் செய்த தவறுக்கு அவர் தண்டனை அனுபவிக்காமல் இருக்கவும் ஒரே வழி, அவருடைய குளத்தின் எண் பெட்டியில் இருப்பதுதான். அதைக் கேட்டு வாங்கும் உரிமை குளத்துக்காரருடையது. கேட்கத் தொடங்க வேண்டியவர்களும் அவர்களே.